இரவல் கதகதப்பு

மார்கழிக் குளிரில் மாரண்டஹள்ளியே நடுங்கிக்கொண்டிருந்தபோது, திருமால் மட்டும் காசு செலவில்லாமல் குளிர் காய ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பொழுது சாய்ந்ததும் மனைவி சந்தியா, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று மொத்தக் குடும்பத்தையும் திரட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுச் சவுரியப்பனின் கூடத்துக்கு டி.வி. பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அந்தச் சின்னக் கூடத்தில் கதவைச் சாத்தி உட்கார்ந்தால் அப்படி ஒரு கதகதப்பு!

"தெனமும் போறமே, அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களா?" என்று சந்தியா கூச்சப்பட்டாள்.

"அடுப்படியில கணப்பு மூட்டி வெச்சிருப்பாங்க. எரியறது அவங்க விறகு, காயறது நாம. சின்னவனுக்கு இந்த வருசம் சளியே கட்டல பாத்தியா?"

சவுரியப்பனோ, "வாங்க வாங்க, இன்னும் நெருங்கி உக்காருங்க" என்று உபசரிப்பார். ஏமாளி மனிதர் என்று திருமால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பம் பென்னாகரம் போய்விட, அன்று திருமால் தனியாகப் போனார். கூடம் ஜில்லிட்டுக் கிடந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது.

"என்னங்க, இன்னிக்குக் கணப்பு மூட்டலீங்களா?"

"கணப்பா? விறகு விக்கிற வெலைக்கு அதெல்லாம் யாருங்க மூட்டறது? நீங்க ஆறு பேரும் வந்து நெருக்கி உக்காந்தாத்தான் எங்க வூடே சூடாவும்" என்றார் சவுரியப்பன், போர்வையை இழுத்துப் போர்த்தியபடி. "அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் வராதீங்க. ஒத்த ஆளுக்குக் கதவத் தொறந்தா, இருக்கற சூடும் போயிருது!"