மிஷின் மேல் பாசம்

"இந்த மிஷினை எடுத்தீங்கன்னா எங்களையும் சேத்து வண்டியில ஏத்திக்கிடுங்க தம்பி" என்றாள் விஜிலா, சேலை முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டே.

செல்வினுக்குப் புல்லரித்தது. பிரிண்டர் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து மிஷினைத் தட்டுகிறவர்களையும் திட்டுகிறவர்களையும்தான் அவன் பார்த்திருக்கிறான். ஒரு வாடகை மிஷினுக்காக உயிரை விடுகிற ஆபீஸை இன்றுதான் பார்க்கிறான்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்த அந்தக் கப்பல் சரக்கு ஏஜென்சியில்தான் கம்பெனியின் கடைசிப் பழைய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்று அதை மாற்றாவிட்டால் செல்வினை விருதுநகருக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். திரேஸ்புரத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

முதலாளி தளவாய் அண்ணாச்சி முன்பக்கம் பெரிய கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். "ஆபீஸ் புள்ளைங்க சரின்னா நான் கையெழுத்துப் போடுதேன். நீங்களே போய்ப் பேசிக்கிடுங்க" என்று அனுப்பிவைத்தார்.

அந்தப் 'புள்ளைங்க' ஆறு பேரும் மிஷின் இருந்த சின்ன அறைக்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் நல்ல மேஜைகள் சும்மா கிடந்தன. செல்வின் உள்ளே நுழைந்ததும் ஆறு பேரும் ஒரே குரலில் "கதவைச் சாத்துங்க" என்றிருந்தார்கள். தூசி பட்டால் மிஷினுக்கு ஆகாது என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று அவனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஆனாலும் பிழைப்பைப் பார்க்க வேண்டுமே.

"அக்கா, முன்ன மை தீந்தா நீங்க போன் போடணும், நான் வந்து சேர ரெண்டு நாளாவும். புதுசு அப்படி இல்ல. மை குறையும்போதே அதுவே எங்களுக்குத் தகவல் அனுப்பிரும். நீங்க கேக்கதுக்கு முன்னாடி மை வந்து நிக்கும்."

"எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லையே" என்றாள் பக்கத்தில் இருந்த ரீனா.

"கப்பல்ல நின்னுகிட்டே செல்போன்ல இருந்து பிரிண்ட் குடுக்கலாம். உங்க கார்டைக் காட்டுனாத்தான் பேப்பர் வெளிய வரும். அடுத்த ஆள் எடுக்க முடியாது."

"அதெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா?" என்றார் சீனியர் கிளார்க் சுடலைக்கண்ணன். சொல்லிவிட்டு மிஷினைத் தடவிக் கொடுத்தார்.

செல்வின் மிஷினின் பக்கக் கணக்கை எடுத்துப் பார்த்தான். போன மாதம் முழுக்க ஒரே ஒரு பக்கம். அதுவும் சர்வீஸுக்கு வந்தபோது அவனே எடுத்த டெஸ்ட் பேஜ்.

"அண்ணே, இதுல நீங்க பிரிண்டே எடுக்கலையே."

"எல்லாம் ஆன்லைன்ல ஆயிட்டுல்லா. அதுக்காகப் பழகுன மிஷினைப் போன்னு சொல்ல முடியுமா?"

இனிப் பேசிப் பயனில்லை. கடைசிக்கென்று வைத்திருந்த துருப்புச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தான். புது மிஷினின் நோட்டீஸ். அதன் பெருமை தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவன் நீட்டுவதற்குள் தளவாய் அண்ணாச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கதவைச் சா..." என்று தொடங்கிய ஆறு பேரும், ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். புது மிஷினுக்கும் ஏசி போடணுமா? பழசுக்குக் கண்டிப்பா வேணும்னு உங்க கம்பெனி சொன்னதாலதான் கரண்டு பில்லைப் பாக்காம ஓட விட்டிருக்கேன். மத்தபடி நமக்கெல்லாம் என்னத்துக்கு?"

விஜிலாவின் முந்தானை இன்னும் தோளைச் சுற்றித்தான் இருந்தது. சற்றுமுன் தனக்குப் புல்லரித்தது எதனால் என்று செல்வினுக்கு இப்போதுதான் விளங்கியது.

'ஏசி தேவையே இல்லை' என்ற கொட்டை எழுத்தை உள்பக்கமாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"கட்டாயம் வேணும் அண்ணாச்சி. பழசுக்கு வைக்கதை விட ரெண்டு டிகிரி கம்மியா."

"இன்னைக்கே மாத்திருங்க தம்பி" என்றாள் விஜிலா. "இந்தப் பழசை வச்சுகிட்டு யாரு மாரடிக்க?"