வேலிக்கு அந்தப் பக்கத்துப் போத்தல்கள்

“நானாக ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. ஒரு பெட்டையின்ரை வாழ்க்கை. பிறகு அந்தப் பழி எனக்கு வேண்டாம்,” என்றாள் நாகேஸ்வரி.

அவள் இப்படித் தொடங்கினால், ஒன்று விடாமல் சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

உடுப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ஒன்றுவிட்ட அக்கா நல்லம்மா, கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டு மகாதேவியின் மகள் திலகவதியை நல்லம்மாவின் மகனுக்குப் பேசி வந்திருந்தது. பெட்டை நல்ல வடிவு, படிப்பும் இருக்கிறது. குடும்பம் எப்படி என்று அயலில் விசாரித்துவிட்டு ‘ஓம்’ சொல்வதுதான் மிச்சம்.

“உள்ளதைச் சொல்லு பிள்ளை. என்ரை மகன்ரை தேப்பன் குடிச்சுத்தான் அழிஞ்சு போனவர். நான் பட்டது போதும். குடிகாரர் வீட்டுச் சம்பந்தம் மட்டும் எனக்கு வேண்டாம்.”

“பெட்டையின்ரை தேப்பன் கனகரத்தினத்தார் கோயிலிலை தேவாரம் பாடுறவர். அது ஊருக்கே தெரியும்.”

“பிறகென்ன?”

“ஊருக்குத் தெரியாததும் கிடக்கு.”

அந்த நேரம் பார்த்து வாசல் படலையில் சைக்கிள் மணி அடித்தது.

“போத்தல்! பழைய பேப்பர்! தகரம்!”

வீடு வீடாகப் பழசு வாங்குகிற யாகப்பு. மாவுக்கும் சீனிக்கும் சனம் கியூவில் காய்ந்துகொண்டிருந்த எழுபத்து நாலாம் ஆண்டு அது. சைக்கிளின் பின்னால் அவன் கட்டியிருந்த சாக்கும் வாடிப்போய்க் கிடந்தது.

“ஏதும் கிடக்கோ அக்கா?”

“என்னத்தைக் கிடக்கும்? ஜாம் போத்தலிலை மிளகாய்த்தூள் போட்டு வைச்சிருக்கிறன். பேப்பரெல்லாம் பிள்ளையளின்ரை கொப்பிக்கு உறை. பால்மாத் தகரத்தாலைதான் அரிசி அளக்கிறன்.”

“எல்லா வீட்டிலையும் இதே கதைதான். முந்திக் கூப்பிட்டுக் குடுத்த சனம், இப்ப என்னைக் கண்டால் நாயை அவிட்டு விடுகுது. குப்பைக்கு இவ்வளவு மரியாதை வருமெண்டு ஆர் கண்டது?” யாகப்பு பெருமூச்சு விட்டபடி சைக்கிளைத் திருப்பினான். “பக்கத்து வீட்டாலைதான் இப்ப என்ரை அடுப்பு எரியுது.”

நாகேஸ்வரியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. நல்லம்மாவின் கையைப் பிடித்தாள்.

“சொன்னால் நம்பமாட்டியள். வந்து பாருங்கோ.”

இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற தென்னோலைக் கிடுகு வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. யார் வைத்ததோ, நாகேஸ்வரியின் கண் உயரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. இன்றைக்கு இரண்டு தலைகள் அதில் ஒருமாதிரி அடங்கிக்கொண்டன.

அந்தப் பக்கம் மகாதேவி குசினிக்குப் பின்னாலிருந்து ஓர் ஓலைக் கடகம் நிறையப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாகப்பு ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்குக்குள் வைத்தான். நல்லம்மா கலியாணம் கட்டிய நாளிலிருந்து தன் வீட்டில் பார்த்து வெறுத்த அதே லேபிள்.

“எல்லாம் சாராயம்,” நாகேஸ்வரி குசுகுசுத்தாள். “கிழமைக்குக் கிழமை இப்பிடித்தான். ஊருக்குத்தான் அக்கா தேவாரம். எங்கடை இவரைப் பாருங்கோ, தேத்தண்ணியைத் தவிர வேறொண்டும் வாயிலை வைக்கமாட்டார். பாவம், காலமை தொடக்கம் சங்கக்கடையிலை மாவுக்கு நிக்கிறார்.”

நல்லம்மாவின் கண் கலங்கிவிட்டது. பெட்டையின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளை மருமகளாகவே நினைத்து வைத்திருந்தாள்.

“நல்ல பெட்டை... என்ன செய்யிறது? வேண்டாமெண்டு தரகருக்குச் சொல்லிவிடுறன். நான் வெளிக்கிடுறன் பிள்ளை.”

அவள் திரும்பி இரண்டடி வைக்கவில்லை. மகாதேவி வீட்டுப் படலையை யாரோ தள்ளித் திறந்துகொண்டு ஓடி வந்தார்கள்.

“யாகப்பு, பொறு, பொறு! சாக்கைக் கட்டிப்போடாதை!”

நாகேஸ்வரிக்கு நன்றாகப் பழக்கமான குரல். அவளுடைய தலை தானாகவே ஓட்டைக்குள் போனது. நல்லம்மாவின் தலையும் திரும்பி வந்து சேர்ந்தது.

மூச்சு வாங்க நின்றது நாகேஸ்வரியின் புருஷன் தியாகலிங்கம். கையில் வெறும் மாப் பை.

“மகாதேவி அக்கா, ஒரு போத்தலை மட்டும் எனக்குத் திருப்பித் தாங்கோ. போத்தலுக்குத் தட்டுப்பாடாம். வெறும் போத்தல் கொண்டு போனால்தான் சாராயத் தவறணையிலை நிறை போத்தல் தருவினமாம். இண்டையிலிருந்து சட்டம். முந்தியே தெரிஞ்சிருந்தால் குடிச்சு முடிச்ச போத்தலுகளை வேலியாலை உங்கடை பக்கம் எறிஞ்சிருப்பனே?”

யாகப்பு தலையைச் சொறிந்தான். மகாதேவி சாக்குக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்து, தியாகலிங்கத்தின் பைக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தாள்.

“மெல்லக் கதையுங்கோ தம்பி. இவ்வளவு நாளும் எங்கடை வீட்டுப் போத்தல் எண்டு சொல்லித்தான் குடுத்துக்கொண்டு வாறன். நாகேசுக்குத் தெரிஞ்சால் அந்தப் பிள்ளை பிறகு வெளியிலை தலை காட்டுமே?”

வேலிக்கு இந்தப் பக்கம் நாகேஸ்வரி ஓட்டையிலிருந்து தலையை மெல்ல எடுத்தாள். ஒன்றும் சொல்லமாட்டேன் என்று தொடங்கிய நாகேஸ்வரிக்கு இப்போது உண்மையாகவே சொல்ல ஒன்றும் இல்லை.

நல்லம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“திலகவதியின்ரை சாதகக் குறிப்பை நீயே போய் வாங்கிக்கொண்டு வா பிள்ளை,” என்றாள். “வேலி ஓட்டையாலை கேக்காதை. படலையாலை போய்க் கேள்.”