நெஞ்சுக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று

சுவருக்குள் மடங்கிப் போகிற கட்டிலுக்குச் சாமான் கேட்டு ஒரு பெண் வந்து நின்றபோது, தமிழரசிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜவ்வாது மலைமேல் கடுக்காமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் பத்து வருஷமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறாள். மண்வெட்டியும் முள்கம்பியும் தண்ணீர் பைப்பும் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

வந்தவள் ஊருக்குப் புதிது. பெயர் சசிகலா என்றாள். இருக்கிறது ஒரே அறையாம், இடம் பத்தவில்லையாம். கட்டிலைத் தூக்கி நிறுத்த இரண்டு கேஸ் பம்ப் வேண்டுமாம். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த மாதிரி.

திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் சிறிதும் பெரிதுமாக வரவழைத்து, சிறியதைக் கொடுத்தாள் தமிழரசி. கூடவே கீல், திருகாணி, தாழ்ப்பாள்.

நாலாம் நாள் சசிகலா திரும்பி வந்தாள். முகத்தில் கவலை.

"பம்ப்புல பலம் பத்தலீங்க. சும்மா இருந்தா கட்டில் ஜம்முனு மேல போவுது. ஆள் படுத்திருந்தா பாதியில நின்னுடுது."

தமிழரசி சிரித்தாள். "ஆள் படுத்திருக்கும்போது எதுக்குங்க மூடணும்? எழுப்பிட்டு மூடுங்க."

"எழுப்ப நேரம் இருக்காது. அவரு எண்பத்தஞ்சு கிலோ. அப்படியே தூக்கி மூணே நொடியில சாத்தணும்."

தமிழரசியின் சிரிப்பு நின்றது.

"பெல்ட்டு இருக்குதா?" என்று அடுத்துக் கேட்டாள் சசிகலா. "நெஞ்சுக்கு ஒண்ணு, முட்டிக்கு ஒண்ணு. கட்டிப் போட்டாதான் உள்ள நிமிந்து நிப்பாரு. அரிசி மூட்டைய வெச்சுப் பாத்தேன், வழுக்கிக் கீழ வந்துடுச்சு."

"மூச்சு வுட ஓட்ட போடுவீங்களா?" என்று கேட்டாள் தமிழரசி.

"வேணாங்க. ஓட்ட வழியா சத்தம் வெளிய வந்துடும்." சசிகலா கொஞ்சம் யோசித்தாள். "சுத்தியும் ஒட்ட ரப்பர் பட்டையும் குடுங்க. வெளிய இருந்து பாத்தா கட்டில்னே தெரியக் கூடாது. உள்ள ஆள் இருக்குறது ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது."

"அவரு... உங்க வூட்டுக்காரரா?"

"அந்த மனுசன்கூட தெனமும் பத்து மணி நேரம் குப்ப கொட்றேங்க. என் கஷ்டம் எனக்கு" என்றாள் சசிகலா. கேட்டதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தமிழரசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பலமான பம்ப்பையும் தந்தாகிவிட்டது. பெல்ட்டையும் அளந்து வெட்டித் தந்தாகிவிட்டது. முகம் தெரியாத ஓர் எண்பத்தைந்து கிலோ ஆள் சுவருக்குள் நிமிர்ந்து நிற்பதுபோலக் கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது. பெரிய பம்ப்புக்குத் தள்ளுபடி வேறு கொடுத்திருந்தாள்.

மறுநாள் மதியம், மனசு கேட்காமல் கடையைச் சாத்திவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

ஏட்டு ரங்கசாமி மட்டும் இருந்தார். சட்டையெல்லாம் வேர்த்திருந்தது.

"எஸ்.ஐ. ஐயாவப் பாக்கணுங்க."

"ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு. இன்னாம்மா விஷயம்? இப்பத்தான் டி.எஸ்.பி. ஐயா திடீர்னு வந்து எல்லாத்தையும் கொடஞ்சுட்டுக் கெளம்புறாரு. ஒரு வாய் டீ குடிக்க வுடு."

"டீய அப்புறம் குடிங்க ஏட்டய்யா. ஒரு உசுரு போவப் போவுது. இல்ல, போயே போச்சோ என்னமோ."

ரங்கசாமி பேனாவை எடுத்தார். தமிழரசி மூச்சுவிடாமல் சொன்னாள். மடங்குகிற கட்டில் என்றதும் பேனா நின்றது. பெல்ட் என்றதும் அவர் முகம் வெளுத்தது. சசிகலா என்ற பெயரைக் கேட்டதும் அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

'அடடா, இவரல்லவா போலீஸ்! எவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறார்!' என்று நெகிழ்ந்துபோனாள் தமிழரசி.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. ரொம்ப ரகசியமான கேசு இது. நீ கடைக்குப் போ, நாங்க பாத்துக்குறோம்."

"ஒரு எப்.ஐ.ஆர். போடுங்க ஏட்டய்யா. அந்தப் பாவி மனுசன் மூச்சு முட்டிச் செத்துட்டா பம்ப்பு வித்த என்னையும் சேத்துப் புடிப்பீங்க!"

"அதெல்லாம் சாவ மாட்டாரும்மா!" என்று பதறிய ரங்கசாமி, நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, நாங்க சாவ வுட மாட்டோம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பெண் போலீஸ் உள்ளே வந்தாள்.

"ஜீப்பு வளைவு தாண்டிடுச்சு ஏட்டய்யா..." என்று ஆரம்பித்தவள், தமிழரசியைப் பார்த்ததும் சிலையானாள்.

தமிழரசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். போலீஸ்காரியே கொலைகாரியா? யாரிடம் வந்து என்ன சொல்லித் தொலைத்தோம்?

"இவங்கதான்!" என்று கூரை அதிர அலறினாள். "எண்பத்தஞ்சு கிலோவ மூட்ட மாதிரி கட்டினது இவங்கதான்!"

ரங்கசாமி சசிகலாவைப் பார்த்தார். சசிகலா தரையைப் பார்த்தாள்.

சுவரோடு சுவராக நின்ற, 'நிலுவை வழக்குகள்' என்று பெயர் ஒட்டிய பெரிய பீரோ தூக்கக் கலக்கத்தோடு கேட்டது: "இன்னாய்யா அங்க சத்தம்... டி.எஸ்.பி. போய்ட்டாரா?"