கேட்டால் தூக்கு

பச்சைத் துணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

கேட்டால் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எதிரே கடலோடு சேரும் ஏரி. அக்கரையில் மேட்டுக்குப்பம். கோயிலை ஒட்டிப் புதிதாக ஒரு கம்பம், அதன் உச்சியில் சைரன். ஆற்று வெள்ளம் ஏரிக்குள் திரும்பினால் அது கத்தும். கத்தினால் எல்லோரும் வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும்.

இன்று ஒத்திகை.

சைரன் ஒன்றுதான் வந்தது. எந்த ஊரில் நடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதையும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். அவளுடைய ஊருக்கு வலையும் இல்லை, முறையும் இல்லை. சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறவர்களுக்கு முறை எதற்கு?

முறை இல்லாத ஊருக்குச் சீட்டும் இல்லை.

ஊர் வழக்கம் என்றார் அதிகாரி. அவருக்கு அது பிடித்திருந்தது.

போன மழையில் வெள்ளம் முதலில் ஏறியது இந்தக் கரையில்தான். ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருவன் அவள் மகன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான்.

சத்தம் கேட்காத கரையில் ஆள் குடியிருக்கக் கூடாது. திட்டம் அப்படி. கேட்கவில்லை என்றால் ஊரையே லாரியில் ஏற்றி, நகரத்துக்கும் அப்பால் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அடுக்கு வீடுகள். நாலாவது மாடி. தண்ணீர் குழாயில் வருமாம்.

கையால் தடவிப் பிழைக்க அங்கே என்ன இருக்கிறது?

அதிகாரி இந்தக் கரைக்கு வரவில்லை. வந்தால் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். போனுக்கும் இங்கே சிக்னல் கிடையாது. துணியைக் கொடுத்தனுப்பினார்.

ஊரே தண்ணீரில் இருந்தது. நீர் வற்றும் நேரத்தை விட்டால் இறால் கிடைக்காது. இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்தார்கள். பெரியவர்களும் சிறுசுகளும், தூரத்தில் வெறும் தலைகளாக.

அவள் பாதத்தைச் சிப்பி கிழித்திருந்தது. அதனால் துணி அவளிடம்.

இறங்குவதற்கு முன் அவள் புருஷன் வேம்புலி திரும்பிப் பார்த்தான்.

"காதத் தீட்டி வச்சுக்க."

சிரிக்காமல்தான் சொன்னான்.

காற்று அவள் முதுகில் அடித்தது. இங்கிருந்து அங்கே போகிற காற்று.

உற்றுக் கேட்டாள். தண்ணீர் கரையை நக்குவது கேட்டது. வளைக்குள் நண்டு மண் தள்ளுவதுகூடக் கேட்டது.

கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. கம்பத்தடியில் நின்ற கூட்டம் சிதறி விலகியது.

காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

வேறு சத்தம் எதுவும் இல்லை.

அவள் துணியைத் தூக்கினாள்.

அங்கே கை தட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேட்டுக்குப்பத்துத் தேசப்பன் படகில் வந்தான். கரையில் இறங்கவில்லை. படகில் நின்றபடியே கத்தினான்.

"இன்னாமே, பாம்புக் காதா ஒனக்கு? எங்க பக்கம் கைக்குழந்தைங்கல்லாம் வீல் வீல்னு அழுவுது. ஒங்களுக்கே கேக்குதுன்னா எதுக்கு இம்மாஞ் சத்தம்னு ஊர்ல கேக்குறாங்க. பாதியா கொறச்சிட்டு இன்னொரு தபா அடிக்கிறாராம் சாரு."

அவள் வாயைத் திறந்தாள்.

"கேக்குமில்ல?"

"கேக்கும்ணா."

படகு திரும்பிப் போய் அக்கரையில் ஒதுங்கியது.

இந்த முறை புறாக்கள் எழும்பவில்லை. கூட்டமும் அசையவில்லை.

இனிமேல்தான் அடிப்பார்களா? அடித்து முடித்துவிட்டார்களா?

வெற்றிலை மடித்து வாயில் போடும் நேரம் பொறுத்தாள்.

தூக்கினாள். காற்றில் துணி நன்றாகவே ஆடியது.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். பிறகு எல்லோரும் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தார்கள்.

வேம்புலிதான் முதலில் கரையேறினான். பறியை வாயிலிருந்து எடுப்பதற்குள் கண்ணால் கேட்டான்.

"ரெண்டு தபா தூக்கினேன்."

அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்தவர்கள் சேதி கேட்டு, பறியைத் தரையில் போட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி ஈரக் கையால் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எங்க காதெல்லாம் தண்ணிடி. ஒண்ணும் விழல. ஒனக்காச்சும் கேட்டுச்சே, மவராசி!"

"எப்படி இருந்துச்சு?" என்றான் வேம்புலி. "நீ செஞ்சு காட்டு. எந்தச் சத்தத்துக்கு ஓடணும்னு தெரியவேணாமா?"

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவள் மகளும் நுழைந்து முன்னால் வந்து நின்றாள்.

அவள் கம்பத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். நீளமாகப் போய், நடுவில் உடைந்து, மறுபடி ஏறுகிற ஒரு சத்தம்.

பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பொழுது சாயும்வரை ஊர் முழுக்க அதுதான். குடிசைக்குக் குடிசை ஊளையிட்டு ஓடி விளையாடினார்கள். அவள் மகள்தான் அச்சு அசலாகச் செய்தாள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மகளுக்குத் தூக்கம் சரியில்லை. ஓலை அசைந்தாலும் எழுந்து உட்காருவாள்.

வேம்புலி மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துச் சோற்றைப் பிசைந்து ஊட்டினான். தலையைத் தடவினான்.

"ஒங்கம்மா காட்டுனா பாரு, அந்தச் சத்தத்துக்கு மட்டும் ஓடு. வேற எது கத்துனாலும் எழுந்திரிக்காத. தூங்கு."