சேராத விரல்

காலை வெயில் இன்னும் மைதானத்தில் இறங்கவில்லை. காவலறை வாசலில், உடுப்பைச் சரிபார்க்க மாட்டியிருக்கும் ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் சல்யூட் அடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். டிரில் மாஸ்டர் ஒவ்வொரு கையாகத் திருத்திக்கொண்டே வருகிறார். ஒருவனுடைய முழங்கையைப் பிரம்பால் தூக்கிவிடுகிறார். "சல்யூட் அடிக்கிறியா, ஈ ஓட்டுறியா?" என்று இன்னொருவனைக் கேட்கிறார். யாரும் சிரிக்கவில்லை. சிமென்ட் தரையில் அவருடைய லாடம் அடித்த பூட்ஸ் மட்டும் ஒலிக்கிறது. கடைசி ஆளிடம் வந்ததும் அதுவும் நிற்கிறது. மற்ற விரல்கள் நெற்றியோரம் ஒட்டியிருக்க, இவனுடைய சுண்டுவிரல் மட்டும் வளைந்து விலகி நிற்கிறது. கொக்கி என்று எல்லோரும் கூப்பிட்ட பழைய சிப்பாயின் கை அப்படியே. எவ்வளவு திட்டியும் அந்த விரல் சேரவில்லை என்றுதான் கொக்கியைத் தண்டனையாகப் பாலத்துக் காவலுக்கு அனுப்பினார். போன மழையில் பாலம் ஆற்றோடு போனது. கொக்கியும் போனான், தொப்பி மட்டும் கரை ஒதுங்கியது. இவன் அதற்கப்புறம் வந்தவன், கொக்கியைப் பார்த்ததே இல்லை. "யாருடா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" பிரம்பைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார். "நீங்கதான் சார். நேத்து நீங்க செஞ்சு காட்டுனதைப் பார்த்து அப்படியே பழகுனேன்." டிரில் மாஸ்டர் கண்ணாடிப் பக்கம் திரும்புகிறார். விறைப்பாக நின்று, மெதுவாகக் கையை உயர்த்துகிறார். தொப்பி விளிம்பில் சுண்டுவிரல் தனியாக வளைந்து நிற்கிறது. இடது கையால் அதை அழுத்திச் சேர்க்கிறார். விட்டதும் அது பழையபடி விலகிக்கொள்கிறது.