முந்திக்கொண்ட இரங்கல்

கவிஞர் இளஞ்சேரலுக்குப் பதிலாகக் கொதிப்பதெல்லாம் சுவரில் மாட்டியிருந்த கண்டனப் பெட்டி என்ற கருவிதான். எங்கே அநியாயம் நடந்தாலும் தானாகவே அவர் பெயரில் இணையத்தில் அறிக்கை விட்டுவிடும். அவர் வாய் திறந்தே வருஷக்கணக்காகிறது.

மனைவி தில்லைநாயகி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "என்னங்க, நம்ம செப்டிக் டேங்க்ல இறங்குனவரு உள்ளயே மயங்கிக் கிடக்காரு. தீயணைப்பு வண்டி வாசல்ல நிக்குது. ஃபிளாட் பேரு கெட்டுடும்னு செக்ரட்டரி கேட்டைத் திறக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு, வாங்க!"

"அதான் போட்டாச்சே" என்று பெட்டியைக் காட்டினார். அதன் திரையில் கண்டன அறிக்கை, கீழே உருக்கமான இரங்கல் கவிதை. அதற்குள் இணையத்தில் ஆயிரம் பேர் கண்ணீர் விட்டிருந்தார்கள்.

"இரங்கலா? அந்த ஆளுக்கு இன்னும் உசிரு இருக்குங்க!"

"அப்படியா? கவிதை நல்லா வந்திருக்கே... கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

டேங்க் மூடியருகே நின்றபோதுகூட அவளுக்கு இப்படிக் குமட்டவில்லை.