உரிக்காத வயர்

பெண் பார்க்க வருகிறவர்களிடம், காணாமற்போன மகனைப் பற்றி மூச்சும் விடக்கூடாது என்று வீரகத்தி மனைவியிடம் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.

காலையில் நின்றுபோன விறாந்தை மின்விசிறி, கரண்ட் வேலை செய்யும் ரூபன் வந்தபோது சுழன்றுகொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"ஐயா, வயரை உரிக்காமல் ரெண்டையும் சேர்த்துச் சட்டைப்பின் குத்தியிருக்கு. இதென்ன, கிழிஞ்ச சட்டையே? கழட்டட்டோ?"

யுத்தத்தில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட காலத்தில் மகன் சுகிர்தன்தான் அப்படிக் குத்துவான். அவன் போய்ப் பதினாறு வருடம். வீடு போன வருடம் கட்டியது.

"கழட்டாதை தம்பி," என்றார் மனைவி பத்மாசனி.

பத்து மணிக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார். "உங்களுக்கு இவா ஒரு பிள்ளைதானே?"

"இல்லை. மூத்தவன் இருக்கிறான்," என்றார் வீரகத்தி. "கை கழுவிக்கொண்டு வாறான்."